போகிமான் இன்னும் பிடிக்கிறது, அதன் பொருட்கள் மட்டும் சலித்துவிட்டன: ஏன்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிறு வயதிலிருந்து போகிமானோடு வளர்ந்திருக்கிறீர்கள். புதிய கேம் வந்தால் இன்றும் ஆர்வத்தோடு உட்கார்ந்துவிடுகிறீர்கள். ஆனால் அட்டை, பஞ்சு பொம்மை, சட்டை, சாவிக்கொத்து என்று அதைச் சுற்றி விற்கப்படும் எதிலும் மனம் ஒட்டுவதில்லை, ஏற்கெனவே வாங்கி அடுக்கியிருப்பதைப் பார்த்தால் அலுப்பும் கொஞ்சம் குற்றவுணர்வும் வருகின்றன. எனக்கு வயதாகிவிட்டதா, போகிமான் மாறிவிட்டதா, சேர்த்ததை என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள். நானும் இதே வழியில் வந்தவன். அட்டைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து, பிறகு ஏறக்குறைய முழுவதையும் கைமாற்றி விட்டவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். கற்பனை உயிர்களைப் பிடித்து வளர்க்கும் வீடியோ கேம் போகிமான்; அதன் முதல் விளையாட்டில் 'சேகரிப்பது' என்ற செயலைத் தனியாக ஒருவர் செய்து முடிக்கவே முடியாது. அதற்கு இன்னொரு மனிதர் தேவைப்பட்டார். கடைக்கு வந்த பொருட்கள் 'சேகரிப்பு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்த இன்னொரு மனிதரைக் கழற்றி விட்டுவிட்டன. உங்களுக்குச் சலித்திருப்பது அந்த ஆளில்லாத சேகரிப்புதான் என்று நினைக்கிறேன்.

இந்த விளையாட்டை உருவாக்கிய சதோஷி தஜிரி 1965இல் பிறந்தவர். தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். வயலும் குளமுமாக இருந்த அந்த இடம் அவர் கண்முன்னே நகரமாகிக்கொண்டிருந்தது. சிறுவனாக அவர் பூச்சி பிடிப்பதில் பித்துக் கொண்டவர். மற்றச் சிறுவர்கள் மரப்பட்டையில் தேன் தடவி வண்டுக்காகக் காத்திருக்க, வண்டுகள் பகலில் கல்லுக்கடியில் உறங்கும் என்று கவனித்திருந்த அவர், மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போய் மறுநாள் காலையில் அதைப் புரட்டிப் பார்ப்பாராம். பின்னாளில் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டை ஒரு கேபிளால் இணைக்க முடியும் என்று அறிந்தபோது, அந்தக் கேபிளின் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து மறுபக்கம் போவதாக அவருக்குத் தோன்றியதுதான் போகிமானின் வித்து. அந்தக் கேபிள் பிறர் பார்வையில் இருவர் மோதிக்கொள்வதற்கான வசதி. அவர் அதில் கொடுக்கல் வாங்கலைக் கண்டார். ஆறு ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக அது வெளியானது.

இரண்டு பதிப்பு என்பது ஒரே பண்டத்தை இருமுறை விற்கும் தந்திரம் என்று இன்று சொல்லிவிடுவது எளிது; அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அந்த ஏற்பாடு விளையாட்டின் உள்ளே என்ன செய்தது என்பதைப் பாருங்கள். சில உயிர்கள் ஒரு பதிப்பில் மட்டுமே கிடைக்கும். தொடக்கத்தில் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். மற்ற இரண்டும் வேறு யாரிடமாவதுதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹாண்டர் ஆகிய நான்கும் இன்னொருவர் கைக்கு மாறினால் மட்டுமே அடுத்த நிலைக்கு வளரும். என் ஹாண்டரை நண்பனுக்கு அனுப்பிய மதியத்தை என்னால் மறக்க முடியவில்லை. கேபிள் கொஞ்சம் தளர்ந்திருந்ததால் இருவரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம். என் திரையிலிருந்து அது போய்விட்டது. அவன் திரையில் அது கெங்காராக மாறியது. நான் வாரக்கணக்கில் வளர்த்த ஒன்று அவன் கையில் இருந்தது, அவன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான், திருப்பித் தருவானா என்று எனக்குத் தெரியவில்லை. தந்தான். கெங்காரை இன்று யாரும் பத்து வகைப் பொம்மையாக வாங்கலாம். அந்தப் பத்து விநாடியை வாங்க வழியில்லை.

பொருள் கலாசாரத்தின் விதையும் அதே 1996இல்தான் விழுந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஷிகேகி மொரிமோட்டோ என்ற நிரலாளர், வேலை முடியும் தறுவாயில், விளையாட்டு பதிந்திருக்கும் கார்ட்ரிட்ஜில் மிஞ்சிய சிறு இடத்தில் மியூ என்ற 151ஆவது உயிரைச் செருகி வைத்தார். அதைச் சாதாரண வழியில் யாராலும் பிடிக்க முடியாது. வதந்தி பரவியதும் கோரோகோரோ என்ற சிறுவர் இதழ், குலுக்கலில் 20 பேருக்கு மியூவைத் தருவதாக அறிவித்தது. சுமார் 78,000 பேர் விண்ணப்பித்தார்கள். மந்தமாக இருந்த விற்பனை அதன் பிறகு சூடுபிடித்தது. ஓர் உயிர் எவ்வளவு அழகானது, எவ்வளவு வலியது என்பதைவிட எத்தனை பேரிடம் இல்லை என்பதே அதன் மதிப்பாகிவிடும் என்ற பாடத்தை நிறுவனம் அன்றே படித்துக்கொண்டது. கேபிளும் குலுக்கலும் ஒரே ஆண்டில் பிறந்த இரட்டையர். இவற்றில் எது பின்னாளில் குடும்பத்தை நடத்தப் போகிறது என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை.

1997 ஏப்ரலில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரைப் பற்றி ஒரு சிறு விலகல். 'எல்லாவற்றையும் பிடி' என்பது ஆங்கில விளம்பரத்தின் முழக்கம். ஆனால் அந்தத் தொடரின் நாயகன் ஆஷ் எதையும் முழுமையாகச் சேர்த்தவனே இல்லை. எத்தனை பிடித்திருக்கிறேன் பார் என்று மார்தட்டுவது அவனுடைய போட்டியாளன் கேரிதான். ஆஷ் முதன்முதலில் பிடித்த புழு பட்டாம்பூச்சியாகி, அதற்கு ஒரு துணை கிடைத்ததும், 21ஆவது அத்தியாயத்திலேயே அதைப் பறக்க விட்டுவிடுகிறான். பிற்காலத் தொடர்களில் புதிய நிலப்பகுதிக்குக் கிளம்பும்போதெல்லாம் மற்ற எல்லாவற்றையும் பேராசிரியரிடம் விட்டுவிட்டுத் தன் முதல் துணையான பிகாச்சுவை மட்டும் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறான். பத்து வயதைத் தாண்டாமலே 2022இல் உலகச் சாம்பியனாகி, 2023இல் விடைபெற்ற அவனிடம் சிறுவர்களாகிய நாம் கற்றுக்கொண்டிருக்க வேண்டியது விட்டுக்கொடுத்தலை. இடைவேளை விளம்பரத்தில் கற்றுக்கொண்டது சேர்த்துக் குவித்தலை. கதையும் விளம்பரமும் இப்படி எதிரெதிர்த் திசையில் இழுத்ததை நான் முப்பது வயதில்தான் கவனித்தேன்.

இனி அட்டைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் அலமாரியில் பெரும்பங்கு அவையாகத்தான் இருக்கும். ஜப்பானில் 1996 அக்டோபரிலும் ஆங்கிலத்தில் 1999 ஜனவரியிலும் வந்த முதல் அட்டைத் தொகுப்பு ஓர் உண்மையான விளையாட்டு: ஆளுக்கு 60 அட்டை, ஆறு பரிசு அட்டை, எதிரே ஒருவர். ஆனால் எங்கள் வட்டத்தில் விதிப்படி ஆடியவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஆங்கிலப் பாக்கெட்டில் 11 அட்டைகள் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் அரியது. அந்த அரியதும் ஏறத்தாழ மூன்று பாக்கெட்டுக்கு ஒருமுறைதான் மினுக்கும் படலத்தோடு வரும். பாக்கெட்டின் மேல்மடிப்பைப் பிரிக்கும் சத்தமும், அச்சு மையின் வாசனையும், அட்டைகளைப் பின்பக்கமாகப் பிடித்து ஒவ்வொன்றாக நகர்த்தி, மூலையில் ஒரு மினுமினுப்புத் தெரிகிறதா என்று பார்ப்பதும் இன்னும் விரலில் இருக்கின்றன. இந்த அனுபவத்தில் போகிமான் எங்கே இருக்கிறது என்று பிறகு யோசித்துப் பார்த்தால், அதிகம் இல்லை. அது சீட்டிழுப்பின் சுகம். படலம் ஒட்டிய அட்டை கொஞ்சம் கனம் கூடியது என்பதைக் கண்டுகொண்ட பெரியவர்கள் நகைக்கடைத் தராசைப் போன்ற சிறு தராசில் பாக்கெட்டுகளை நிறுத்து, கனமானவற்றை எடுத்துக்கொண்டு, லேசானவற்றைத் திரும்ப விற்றார்கள். நான் ஆசையாகப் பிரித்த பாக்கெட்டுகளில் எத்தனை அப்படி முன்பே எடைபார்க்கப்பட்டவையோ.

அந்தத் தொகுப்பின் 102 அட்டைகளில் நான்காம் எண்ணுள்ள, சாரிசார்டு என்ற நெருப்பு உயிரின் அட்டை எல்லோருக்கும் தெரியும். மிட்சுஹிரோ அரிதா வரைந்தது. 120 உயிர்ப்புள்ளி, 100 புள்ளி சேதம் செய்யும் தீச்சுழல், அதற்காக ஒவ்வொரு முறையும் இரண்டு ஆற்றல் அட்டைகளை இழக்க வேண்டிய செலவு. ஆட்டத்தில் உண்மையாகவே சுமாரான அட்டை. அதை வைத்திருந்தவர் யாரும் ஆடவில்லை என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை.

பிறகு, அன்று பாக்கெட் பிரித்த தலைமுறை சம்பளம் வாங்கும் வயதுக்கு வந்தது. அட்டையை நிபுணரிடம் அனுப்பி, ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் வாங்கி, தடித்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் முத்திரையிட்டு வைப்பது பெருவழக்கமானது. நோய்த்தொற்றுக் காலத்தில் கூட்டம் பெருகி, முதன்மையான மதிப்பீட்டு நிறுவனமான பிஎஸ்ஏ 2021 மார்ச்சில் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடர், வாடிக்கையாளர்களிடையே கைகலப்பு நேர்ந்த பிறகு, கடைக்குள் அட்டை விற்பதையே நிறுத்தியது. 1997, 1998 ஆண்டுகளில் ஓவியப் போட்டியில் வென்றவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட பிகாச்சு அட்டை ஒன்றை லோகன் பால் என்ற யூடியூபர் 2021இல் 52,75,000 டாலர் மதிப்பில் வாங்கினார். மறு ஆண்டு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மல்யுத்த மேடைக்கு வந்தார். நன்றாகப் படம் வரைந்ததற்காகக் கிடைத்த பரிசு என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் ஜப்பானிய மெக்டொனால்ட்ஸ் சிறுவர் உணவோடு அட்டை தருவதாக அறிவித்தபோது, பெரியவர்கள் மொத்தமாக வாங்கி, அட்டையை எடுத்துக்கொண்டு, உணவைப் பிரிக்காமலேயே வீசிவிட்டுப் போனார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2025 மார்ச் வரை உலகில் அச்சாகியுள்ள போகிமான் அட்டைகள் 7,500 கோடிக்கும் மேல் என்பது நிறுவனத்தின் கணக்கு. உலகத்தில் ஆளுக்கு ஒன்பது அட்டை வீதம் வரும் ஒரு பண்டத்துக்குப் பஞ்சம் என்று எல்லோரையும் நம்ப வைத்திருப்பது, வியாபாரமாகப் பார்த்தால், அசாத்தியமான சாதனைதான்.

நீங்கள் கேட்ட 'போகிமான் மாறிவிட்டதா' என்பதற்கு எண்ணிக்கையே பாதிப் பதில். முதலில் 151. 1999இல் 251. 2002இல் 386. 2010இல் 649. இன்று 1,025. நூற்றைம்பது பெயர் என்பது ஒரு சிறுவனின் நினைவில் முழுமையாகக் குடியிருக்கக்கூடிய எண்ணிக்கை. வகுப்பில் யாராவது எண்ணைச் சொன்னால் பெயரைச் சொல்லிவிடுவோம். ஆயிரம் என்பது யாருடைய நினைவிலும் தங்காது, ஆகவே அதைப் பட்டியலாக மட்டுமே கையாள முடியும். பட்டியல் என்று வந்துவிட்டால் அடுத்தது விடுபட்ட இடங்களை நிரப்பும் வேலைதான். ஆயிரமாவது எண் யாருக்குப் போனது தெரியுமா? முழுக்க முழுக்கத் தங்க நாணயங்களால் ஆன கோல்டெங்கோவுக்கு. 999 நாணயங்களைச் சேர்த்தால்தான் அது உருவாகும். வடிவமைத்தவர்கள் தங்களையே கிண்டல் செய்துகொண்டார்கள் என்றே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

விளையாட்டின் உள்ளேயும் வாடகை நுழைந்துவிட்டது. 2019இல் வந்த வாள், கேடயம் பதிப்புகளிலிருந்து, பழைய உயிர்கள் எல்லாவற்றையும் புதிய விளையாட்டுக்குக் கொண்டுவர முடியாது என்று ஆனது. பிடித்த உயிர்களைச் சேமித்து வைப்பதற்காக 2020 பிப்ரவரியில் வந்த போகிமான் ஹோம் என்ற இணையச் சேவையில் 30 உயிர்கள் வரை இலவசமாக வைக்கலாம். அதற்கு மேல் என்றால் சந்தா கட்ட வேண்டும், கட்டினால் 6,000 வரை இடம் உண்டு. சிறு வயதில் வளர்த்ததைப் பார்க்க ஆண்டுதோறும் பணம் கட்டும் நிலை எனக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் நான் இரண்டு ஆண்டுகள் கட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் வயதைப் பற்றி. விளையாட்டில் ஓர் உயிரைப் பெற நேரம் செலவாகிறது, கடையில் பணம் செலவாகிறது, பாக்கெட்டில் அதிர்ஷ்டம் செலவாகிறது. சிறுவனிடம் நேரம்தான் இருந்தது, பணம் இல்லை. ஆகவே அரிதாகக் கிடைத்த ஒரு பொம்மைகூட, விளையாட்டில் செலவழித்த நேரத்தின் மீதத்தைத் தன்மேல் ஏந்திக்கொண்டிருந்தது. வளர்ந்தபின் கணக்கு தலைகீழாகிறது: நேரம் இல்லை, பணம் இருக்கிறது. ஆகவே விளையாட முடியாமல்போன மாலைகளுக்கு ஈடாக ஒரு பொம்மையை வாங்குகிறோம். நான் அப்படித்தான் வாங்கினேன். 2018இல் முதல் 151 உயிர்களுக்கும் உள்ளங்கை அளவு பஞ்சு பொம்மைகளை ஜப்பானில் விற்கத் தொடங்கியபோது, எனக்கு உண்மையில் எத்தனை வேண்டும் என்று பட்டியலிட்டுப் பார்த்தேன், பதினொன்றைத் தாண்டவில்லை. ஆனால் வாங்கியது நாற்பதுக்கும் மேல். மிச்சமெல்லாம் வரிசையில் இடைவெளி தெரியக் கூடாது என்பதற்காக வாங்கியவை. அவற்றைப் பெட்டியில் வைத்தபோது எனக்கு எந்த வருத்தமும் ஏற்படவில்லை என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

எல்லாச் சேகரிப்பாளரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஓவியர் வாரியாக அட்டை சேர்ப்பவர்களை எனக்குத் தெரியும்; யுகா மோரி களிமண்ணில் உருவங்களைச் செய்து, அவற்றைப் புகைப்படம் எடுத்து அட்டையாக்கிய படைப்புகளை மட்டும் தேடித்தேடி அடுக்கியிருப்பவர் ஒருவர், ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எப்பக்கமிருந்து விழுகிறது என்று சொல்லிக்கொண்டே காட்டுவார். அந்த அட்டைகளில் பல மிக மலிவானவை. அவருக்குச் சலிப்பு வராது, வரவும் வேண்டியதில்லை. விலையைக் கேட்காமல் அவரால் ஒரு மணி நேரம் பேச முடிகிறது.

இனி, சேர்த்ததை என்ன செய்வது. முதலில், விலைப் பட்டியலைத் திறக்காமல் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். எந்தப் பொருளோடு ஒரு மனிதரோ ஓர் இடமோ ஒட்டிக்கொண்டு நினைவுக்கு வருகிறதோ அதைத் தனியே எடுத்து வையுங்கள். விலையைப் பார்த்துவிட்டால் நினைவு பொய் சொல்லத் தொடங்கிவிடும். எனக்கு மிஞ்சியவை ஒரு காலணிப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அவற்றில் ஒன்று, மூலை மடிந்து, நீலப் பின்புறத்தில் பேனாவால் என் பெயர் எழுதப்பட்ட, மேகிகார்ப் என்ற வலுவற்ற மீனின் அட்டை. திருட்டுக்குப் பயந்து எழுதியது. மேகிகார்ப்பை யார் திருடப்போகிறார்கள் என்று அன்று யோசிக்கவில்லை.

விற்க நினைப்பவற்றில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பழையது என்பதாலேயே விலை கிடைத்துவிடாது. முதல் தொகுப்பானாலும், முதல் பதிப்பு முத்திரை இல்லாத, கைபட்டுத் தேய்ந்த சாதாரண அட்டைகளுக்கு மதிப்பு சொற்பம். ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தால் ஓரங்களில் பள்ளம் விழுந்திருக்கும். பிவிசி உறைகளில் வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். நாளடைவில் அந்த பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள் அட்டையின் மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கிவிடும். மதிப்பீட்டுக்கு அனுப்புவது, அட்டையின் விலை கட்டணத்தைப் போலப் பல மடங்கு இருந்தால் மட்டுமே பொருளுள்ளது. மீதமுள்ள சாதாரண அட்டைகளை ஆட்ட விதியை அச்சிட்ட தாளோடு சேர்த்துத் தெரிந்த சிறுவருக்குக் கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்த சிறுமி உறை எதுவும் போடாமல், சீட்டுக்கட்டைப் போல முரட்டுத்தனமாகக் கலைத்தாள். எனக்கு ஒரு கணம் வயிற்றைப் பிசைந்தது. பிறகு அவள் தன் தம்பியை எதிரே உட்காரவைத்து ஆடத் தொடங்கினாள். இருபது ஆண்டுகளில் அந்த அட்டைகளை யாரோ முதன்முறையாக ஆடினார்கள்.

கடைசியாக ஒன்று மட்டும் அவசரமானது. பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ்கள் உங்களிடம் இருந்தால், பொம்மைக்கும் அட்டைக்கும் முன்பு அவற்றைக் கவனியுங்கள். அவற்றின் சேமிப்பு, உள்ளே இருக்கும் பொத்தான் அளவுப் பேட்டரியின் தயவில் நிற்கிறது. அது தீர்ந்தால் நீங்கள் வளர்த்த அத்தனையும் அழிந்துவிடும். அடுத்து வந்த தங்கம், வெள்ளிப் பதிப்புகளில் நேரங்காட்டும் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் அவை முன்னதாகவே தீர்ந்துபோகும். என் வெள்ளிப் பதிப்பு அப்படித்தான் போனது. ஒருநாள் திறந்தபோது 'தொடர்க' என்ற வரியே இல்லை, 'புதிய ஆட்டம்' மட்டும் இருந்தது. பேட்டரியைக் கழற்றி மாற்றுவதும் சேமிப்பை அழித்துவிடும் என்பதால், முதலில் கார்ட்ரிட்ஜைக் கணினியில் படிக்கும் சிறு கருவி ஒன்றால் சேமிப்புக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்துப் புதுப் பேட்டரி வைத்து, கோப்பைத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். சிவப்புப் பதிப்பும், ஜப்பானுக்கு வெளியே பச்சைக்குப் பதிலாக வந்த நீலப் பதிப்பும் இன்னும் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு, ஆனால் அவற்றுக்கும் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பிரதி எடுத்த பிறகு, அன்று உங்களோடு கேபிளில் மாற்றிக்கொண்டவர் இன்னும் தொடர்பில் இருந்தால், விளையாட்டினுள் உயிர்களை வைக்கும் பெட்டியைத் திறந்து பார்த்து அவருடைய பெயரைத் தாங்கிய உயிர் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். மாற்றிக்கொண்ட ஒவ்வொன்றிலும் முதலில் வளர்த்தவரின் பெயரையும் அடையாள எண்ணையும் விளையாட்டு அழிக்காமல் வைத்திருக்கும்.